முன்கண்ணாடியும் காப்புறுதியும்

மோட்டார் வண்டி முதன்முதலாக வீதிக்கு வந்த காலத்தில் அதற்கு முன்கண்ணாடி கிடையாது. ஓட்டுபவர் நீண்ட அங்கி அணிந்து, கண்களுக்குக் காப்புக் கண்ணாடி கட்டிக்கொண்டு, பூச்சியும் புழுதியும் முகத்தில் மோத வண்டியைச் செலுத்தினார். இருபதாம் நூற்றாண்டு பிறந்த சில ஆண்டுகளில், காற்றைத் தடுப்பதற்கென்று சாதாரணக் கண்ணாடித் தகடொன்றைச் சட்டத்திற் பொருத்தி வண்டியின் முன்னே நிறுத்தும் வழக்கம் ஏற்பட்டது. அதுவும் வேண்டியவர் தனியே பணம் கொடுத்து வாங்கிக்கொண்ட ஓர் ஆடம்பரப் பொருளேயாம். வீட்டுச் சன்னலுக்கும் இதற்கும் வேறுபாடு இருக்கவில்லை. ஆயின் வீடு ஓடுவதில்லை. வண்டி ஓடுகிறது, மோதுகிறது. மோதிய வேளைகளில் அந்தத் தகடு கத்திமுனைகளாகச் சிதறி, உள்ளே இருந்தவர்களின் முகத்தையும் கழுத்தையும் கிழித்தது.

இன்று அதே கண்ணாடியின் உட்புறத்தில், மேல் நடுவில், சிறிய கமராவொன்று ஒட்டியிருக்கின்றது. முன்னே செல்லும் வாகனத்தையும் வீதியிலுள்ள கோடுகளையும் குறுக்கே வரும் மனிதரையும் அது பார்க்கிறது. ஓட்டுபவர் அயர்ந்துவிட்டால் வண்டியின் கணினி தானே பிறேக்கை அழுத்துகிறது. கல்லொன்று தெறித்துக் கண்ணாடி உடையுமானால் கண்ணாடியை மாற்றினால் மட்டும் போதாது. கமராவின் பார்வையையும் மீண்டும் அளந்து நேராக்க வேண்டும். இந்த இரண்டு வேலைக்கும் பணம் கொடுப்பவர் யார்? இக்கேள்வி மிகவும் கூர்மையாக எழுந்த நாடு அமெரிக்க ஐக்கிய நாடு. கண்ணாடியின் வரலாறும் காப்புறுதியின் வரலாறும் அங்கே ஒன்றையொன்று தழுவியே வளர்ந்து வந்திருக்கின்றன.

சிதறாத கண்ணாடிக்கு வழி காட்டியவர் எடுவார் பெனடிக்டஸ் என்னும் பிரெஞ்சுக்காரர். ஓவியமும் இரசாயனமும் ஒருங்கே பயின்றவர். 1903ஆம் ஆண்டில் அவருடைய ஆய்வுகூடத்திலே ஒரு கண்ணாடிக் குடுவை உயரத்திலிருந்து கீழே விழுந்ததாகவும், அது நொறுங்கியும் துண்டுகள் சிதறாமல் ஒன்றாகவே ஒட்டிக்கிடந்ததாகவும் சொல்லுவர். குடுவையில் முன்னர் இருந்த செலுலோஸ் நைத்திரேற்றுக் கரைசல் காய்ந்து உட்சுவரிலே மெல்லிய படலமாகப் படிந்திருந்தது. அப்படலமே துண்டுகளைப் பற்றிக்கொண்டிருந்தது. மோட்டார் விபத்துகளிலே கண்ணாடி வெட்டிக் காயமுற்றவர்களைப் பற்றிய செய்தி அவரை மறுபடியும் அந்தக் குடுவையிடம் அழைத்துச் சென்றது. இரண்டு தகடுகளுக்கு நடுவே செலுலோஸ் படலமொன்றை வைத்து ஒட்டும் முறைக்கு அவர் 1909இல் உரிமைப் பத்திரம் பெற்றார். இக்கண்ணாடி முதலிலே பெருமளவிற் பயன்பட்டது மோட்டார் வண்டியிலன்று; முதலாம் உலக யுத்தத்தின்போது நச்சுவாயு முகமூடிகளின் கண்வட்டங்களிலேயே.

அதே 1903ஆம் ஆண்டு மற்றொன்றுக்கும் உரியது. அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த மேரி அண்டர்சன் என்னும் பெண்மணி, பனி பொழிந்த நாளொன்றில் நியூ யோர்க் நகரத் திராம் வண்டியிலே பயணஞ்செய்தார். கண்ணாடியில் அப்பிய பனியைத் துடைக்கச் சாரதி அடிக்கடி சன்னலைத் திறந்து துன்புற்றதைக் கண்ட அவர், உள்ளிருந்தே கைப்பிடியால் இயக்கத்தக்க துடைப்பான் ஒன்றை அமைத்து, அவ்வாண்டு நவம்பர் மாதத்திலே உரிமைப் பத்திரம் பெற்றார். அதனால் அவருக்குப் பொருள் வரவு ஏதும் இல்லை, வாங்குவார் இருக்கவில்லை. இன்று கமராவை வைக்கும் இடத்தைத் தேரும் பொறியியலாளர் முதலிலே பார்ப்பது துடைப்பான் துடைத்துச் செல்லும் வட்டத்தையே என்பதை எண்ணும்போது, அந்த அம்மையாரின் சிறு கைப்பிடிக்கு எத்தனை நீண்ட ஆயுள் என்று வியக்கத் தோன்றுகிறது.

ஃபோர்ட் கம்பனி 1927ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிட்ட ‘ஏ’ மாதிரிக் காரின் முன்புறத்திலே படலக் கண்ணாடியைத் தானாகவே பொருத்தி விற்றது. சாதாரண மக்கள் வாங்கும் வண்டிக்கு இக்கண்ணாடி வந்தமை பெரிய திருப்பம். எனினும் குறைகள் இருந்தன. செலுலோஸ் நைத்திரேற்று வெயிலிலே நாளடைவில் மஞ்சளித்தது. அதற்கு மாற்றாக வந்த செலுலோஸ் அசற்றேற்று குளிரிலே இறுகி வலுவிழந்தது. 1930களின் பிற்பகுதியில் பொலிவைனைல் பியூற்றிரல் என்னும் பிசின் படலம் வந்த பின்னரே பார்வையும் தெளிவாக நின்றது, படலமும் இழுபட்டுத் தாங்கிற்று. இன்றளவும் இரு தகடுகளின் நடுவே இருப்பது அந்தப் படலமேயாகும்.

ஆயினும் மனிதத் தலையின் வேகத்திற்கு அது போதவில்லை. ஏறத்தாழ 0.38 மில்லிமீற்றர் தடிப்புள்ள படலத்தைத் தலை துளைத்துச் சென்றது. துளையின் விளிம்பு கழுத்தைச் சுற்றி வெட்டிற்று. விபத்து வைத்தியர்களும் பொறியியலாளரும் பல ஆண்டு ஆராய்ந்த பின்னர், 1966ஆம் ஆண்டு மாதிரிக் கார்களிலே படலத்தின் தடிப்பு இருமடங்காக்கப்பட்டது. ஒரு மில்லிமீற்றரிலும் குறைந்த இந்த மாற்றத்தால் முகம் கிழிபடும் கொடுங்காயங்கள் பெரிதும் குறைந்தன. அதே 1966இல் சனாதிபதி ஜோன்சன் கையொப்பமிட்ட வாகனப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், கண்ணாடி எத்தகையதாக இருத்தல் வேண்டும், மோதும்போது சட்டத்திலிருந்து பிடுங்கப்படாமல் எவ்வாறு நிற்றல் வேண்டும் என்பனவெல்லாம் பின்னர் மத்திய அரசின் விதிகளாயின.

இவ்விரண்டாவது விதி சிறிதாகத் தோன்றினாலும் பெரியது. முன்பு றப்பர் வார்ப்பட்டியாற் பிடிக்கப்பட்டிருந்த கண்ணாடி, பின்னர் யூரெதேன் பசையினால் வண்டியின் உடலோடு ஒன்றாக ஒட்டப்பட்டது. வண்டி புரண்டால் கூரை நசுங்காமல் தாங்குவதில் அதற்கும் பங்குண்டு. 1998ஆம் ஆண்டு மாதிரி முதல் எல்லாப் புதிய கார்களிலும் முன்னிருக்கைப் பயணிக்குக் காற்றுப்பை கட்டாயமாயிற்று. விரியும்போது அப்பை பல வண்டிகளிலே முன்கண்ணாடியில் முதுகைச் சாய்த்தே பயணியை நோக்கித் திரும்புகிறது. பசை காயுமுன் வண்டியை ஓட்டிச் சென்றவர் மோதினால், பையும் கண்ணாடியும் சேர்ந்து வெளியே போய்விடும். ஆதலின் ஒட்டிய பின் இத்தனை நேரம் வண்டி நிற்கவேண்டும் என்று பசை உற்பத்தியாளரே வரையறுக்கின்றனர். அவசரப்படும் வாடிக்கையாளரும் அடுத்த வேலைக்கு விரையும் தொழிலாளியும் மறந்துவிடக்கூடாத நேரம் அது.

இனிக் காப்புறுதியின் பக்கம். 1898ஆம் ஆண்டில் நியூ யோர்க் மாநிலத்தின் பஃபலோ நகர வைத்தியர் ட்ரூமன் மார்ட்டின் என்பவருக்கு டிறவலர்ஸ் கம்பனி மோட்டார் காப்புறுதிப் பத்திரம் வழங்கிற்று. வீதியெங்கும் குதிரை வண்டிகளே நிறைந்திருந்த காலம் அது. தம்முடைய வண்டி பிறர் குதிரைக்கு ஏதும் செய்துவிடுமோ என்பதே அன்றைய அச்சம். மாசசூசெற்ஸ் மாநிலம் 1927 முதல் பிறருக்கு விளையும் தீங்கிற்கான காப்புறுதியைக் கட்டாயமாக்கியது. ஆனால் கட்டாயம் என்பது பிறருக்கான பொறுப்பிற்கே. தன் வண்டிக்கு நேரும் சேதத்தை யார் ஏற்பது என்பது உடையவரின் விருப்பத்திற்கே விடப்பட்டது. இன்றைக்கும் அவ்வாறே.

கண்ணாடி உடையும்போது பலர் ஏமாற்றமடைவது இந்த இடத்தில்தான். மாதந்தோறும் தவறாமல் காப்புறுதிக் கட்டணம் செலுத்துபவர், தம் பத்திரத்தில் உள்ளது பிறர்பொருட்டான பொறுப்பு மாத்திரம் என்பதைக் கண்ணாடி உடைந்த அன்றே அறிகிறார். தம் வண்டிக்கான காப்பு இரு பிரிவாக எழுதப்படுகிறது. ஒன்று மோதலுக்கானது. மற்றொன்று முழுமைக் காப்பு எனப்படுவது. தீ, களவு, ஆலங்கட்டி, வெள்ளம், மிருகத்தோடு மோதுதல், பறந்துவரும் அல்லது விழும் பொருள்கள், கண்ணாடி உடைதல் ஆகியவை இதனுள் அடங்கும். முன்னே சென்ற பாரவண்டியின் ரயர் கிளப்பிய கல் இந்த இரண்டாவது பிரிவையே சாரும். மோதலிலே கண்ணாடி உடையுமானால், அதனை மோதற் சேதத்தோடு சேர்த்துக்கொள்ளும் உரிமையை வழக்கமான பத்திரம் உடையவருக்கே கொடுக்கிறது. இரண்டு கணக்கு வைத்து இருமுறை கைப்பணம் கொடுக்க வேண்டாம் என்பதே அதன் நோக்கம்.

கைப்பணம் என்பது யாது? சேதத்தின் முதற்பகுதியை உடையவர் தாமே ஏற்றல் வேண்டும். அதற்கு மேற்பட்டதையே கம்பனி கொடுக்கும். இந்த முதற்பொறுப்பு 500 டொலர் என்று வைத்துக்கொள்வோம். கண்ணாடி மாற்ற 300 டொலரே ஆகுமென்றால் காப்புறுதியால் ஒரு சதமும் கிடையாது. பல்லாண்டுகளாக இதுவே நிலைமை. அதனால் நேர்ந்தது என்ன? கீறல் விழுந்த கண்ணாடியோடே மக்கள் ஓட்டித் திரிந்தனர். காலைச் சூரியன் அந்தக் கீறலிற் பட்டுத் தெறிக்கும்போது பாதசாரி தென்படுவதில்லை.

சில மாநிலங்கள் இதற்குச் சட்டத்தினாலே விடை கண்டன. புளோரிடா, கென்டக்கி, தென் கரோலைனா ஆகிய மூன்றிலும், முழுமைக் காப்பு உள்ளவரின் முன்கண்ணாடிக்கு முதற்பொறுப்புத் தொகை அறவிடலாகாது. கென்டக்கியின் சட்டம் கண்ணாடியைப் ‘பாதுகாப்புச் சாதனம்’ என்றே அழைத்து, கதவுக் கண்ணாடியையும் விளக்குக் கண்ணாடியையுங்கூட அதனுள் அடக்குகிறது. புளோரிடாவின் சட்டமோ முன்கண்ணாடியோடு நின்றுவிடுகிறது. வேறு சில மாநிலங்களில் சிறிது மேலதிகக் கட்டணம் செலுத்திக் கண்ணாடிக்கு மாத்திரம் முதற்பொறுப்பு இல்லாத காப்பினை வாங்கிக்கொள்ளலாம்.

கம்பனிகளும் தம் பங்கிற்கு ஒரு வழி கண்டன. 1972இல் மினசோட்டாவிலே பிராங்க் வேர்னர் என்பவர் கல்லடிபட்ட புள்ளியினுள் பிசினைச் செலுத்தி இறுகவைக்கும் முறையை வணிகமாக்கினார். முழுக் கண்ணாடியை மாற்றுவதிலும் இது மிக மலிவு. ஆகவே பல கம்பனிகள் இவ்வாறு அடைக்கும் வேலையை முதற்பொறுப்பின்றி இலவசமாகவே செய்து கொடுக்கலாயின. நாணயத்தின் அளவான கீறல் வேனிலிலும் குளிரிலும் விரிந்து கண்ணாடியின் ஓரத்தை எட்டுமுன் அடைத்துவிட்டால் இரு தரப்பினர்க்கும் ஆதாயம். எனினும் ஓட்டுநரின் நேர்பார்வையில் விழுந்த புள்ளிக்கும், கமரா பார்க்கும் பகுதியில் விழுந்த புள்ளிக்கும் இம்முறை பொருந்தாது. அடைத்த இடத்திலே ஒளி சற்றே கோணிவிடும்.

கமராவின் வரவு யப்பானிலே தொடங்கிற்று எனலாம். சுபாரு நிறுவனம் 1999இல் இரட்டைக் கமரா கொண்ட ஓட்டுநர்-உதவிக் கருவியைத் தன் வண்டியொன்றில் விற்றது. நிசான் நிறுவனம் 2001இல் வீதிக்கோட்டைப் பார்த்துத் திசைமாறாமல் துணைசெய்யும் கருவியைக் கொணர்ந்தது. அதே 1999இல் எருசலேத்தில் அம்னொன் ஷாஷுவாவும் சிவ் அவிரமும் மொபிலாய் என்னும் நிறுவனத்தைத் தொடங்கி, ஒற்றைக் கமராவின் படத்திலிருந்தே தூரத்தைக் கணிக்கும் வித்தையை வளர்த்தனர். விலை இறங்கிற்று, கமரா நடுத்தரக் குடும்பத்தின் காருக்கும் வந்தது. 2016 மார்ச் மாதத்திலே அமெரிக்கச் சந்தையின் 20 உற்பத்தியாளர்கள், தானியங்கிப் பிறேக்கை 2022 செப்டெம்பருக்குள் ஏறத்தாழ எல்லாப் புதிய கார்களுக்கும் வழங்குவதாக அரசோடு உடன்பாடு செய்தனர்.

இக்கமரா ஒரு தாங்கியிலே பொருந்துகிறது. தாங்கி கண்ணாடியிலே ஒட்டப்பட்டிருக்கிறது. பழைய கண்ணாடியை எடுத்துப் புதியதை வைக்கும்போது தாங்கி மயிரிழை சாய்ந்தாலும், கண்ணாடியின் வளைவோ தடிப்போ சிறிது வேறுபட்டாலும், கமராவின் பார்வை திரும்பிவிடும். கணக்கு எளிது. ஒரு பாகை விலகல் என்பது 100 மீற்றர் தூரத்திலே ஏறத்தாழ 1.75 மீற்றர் விலகலாகும். அமெரிக்கப் பெருவீதியின் ஓர் ஒழுங்கை 12 அடி, அதாவது 3.7 மீற்றர் அளவே அகலமுடையது. ஆகவே ஒரு பாகை சாய்ந்த கமரா, பக்கத்து ஒழுங்கையில் நிற்கும் வண்டியைத் தன் முன்னே நிற்பதாகக் கொள்ளலாம். அதனிலும் கொடிது, தன் முன்னே நிற்பதைப் பக்கத்திலுள்ளதென்று விட்டுவிடலாம். இந்நிலையில் எச்சரிக்கை விளக்கு எரியும் என்று நம்பியிருக்கவும் இயலாது. கமரா செயலிழந்தால் கணினி அறியும். கமரா பிழையாகப் பார்த்தால் கணினி எப்போதும் அறிவதில்லை.

அளவு திருத்தும் முறை இருவகைப்படும். நின்ற நிலையிற் செய்வது ஒன்று. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ரயர்க் காற்றைச் சரிபார்த்து, பாரங்களை இறக்கி, வண்டியின் நடுக்கோட்டை அளந்து, உற்பத்தியாளர் கூறிய தூரத்திலும் உயரத்திலும் கோலமிட்ட பலகைகளை நிறுத்தி, அவற்றைக் கமராவிற்குக் காட்டுவர். சுவரிலே தொங்கும் விளம்பரமோ சன்னல் வழியே விழும் வெயிலோ அதனைக் குழப்பிவிடக்கூடும். மற்றது ஓடும் நிலையிற் செய்வது. கணினியோடு கருவியை இணைத்துக்கொண்டு, கோடுகள் தெளிவாயுள்ள வீதியிலே குறித்த வேகத்தில் ஓட்டுவர். மழை பெய்தால் இயலாது. கோடு அழிந்த வீதியிலும் இயலாது. சில வண்டிகளுக்கு இரண்டும் வேண்டும். வாடிக்கையாளரின் வீட்டு வாசலுக்கே வந்து அரை நாளிற் கண்ணாடி மாற்றிச் சென்ற தொழிலாளிக்கு, சமதரையும் இடவசதியும் உள்ள பெரிய கராஜ் திடீரென்று தேவைப்பட்டது இப்படித்தான்.

செலவும் உயர்ந்தது. அமெரிக்க மோட்டார் சங்கம் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, இத்தகைய கருவிகள் கொண்ட வண்டியின் முன்கண்ணாடிக்கு 1,500 டொலர்வரை செலவாகலாம். கருவி இல்லாத வண்டியினதைப்போல் மும்மடங்காகலாம். முன்னர்ச் சொன்ன கணக்கு இதனாலே தலைகீழாயிற்று. 500 டொலர் முதற்பொறுப்பு உள்ளவர் 300 டொலர்க் கண்ணாடிக்குக் காப்புறுதியை நாடவில்லை. 1,500 டொலரென்றால் நாடியே ஆகவேண்டும். கமராவைத் திருத்துவது வண்டி உற்பத்தியாளரின் கட்டளையாயின், பெரும்பாலான கம்பனிகள் அதனைக் கண்ணாடிச் சேதத்தின் பகுதியாகவே ஏற்கின்றன. ஆயின் ஆதாரம் கேட்கின்றன: வேலைக்கு முன்னும் பின்னும் கணினியிற் பெற்ற அறிக்கை, திருத்தியமைக்கான பத்திரம், தனித்தனியே எழுதிய விலைச்சிட்டை. முதலிலே கண்ணாடிக்கு மட்டும் அனுமதி பெற்று வேலையை முடித்துவிட்டுப் பின்னர் கமராவிற்குப் பணம் கேட்பவர் வீண் இழுபறியிலே சிக்குகிறார். வண்டியின் உற்பத்தியாளர் முத்திரையிட்ட கண்ணாடியா, பிறர் செய்த ஒத்த கண்ணாடியா என்பதும் வழக்கிற்குரிய பொருளே. பத்திரத்தில் வேறுவிதமாக எழுதியிராவிடின் மலிவானதற்கே கம்பனி உடன்படுவது வழக்கம்.

கைப்பணம் இன்றிக் கண்ணாடி என்னும் நல்ல சட்டத்தின் நிழலிலே கள்ளமும் முளைத்தது. புளோரிடாவிலே கண்ணாடி வியாபாரிகள் சிலர் கார் கழுவுமிடங்களிலும் கடைவாசல்களிலும் நின்று, கண்ணாடியிலே ஒரு புள்ளியைக் காட்டி, இலவசமாக மாற்றித் தருவதாகவும் மேலே பணமோ பரிசுச் சீட்டோ தருவதாகவும் கூறினர். உடையவர் ஒப்பமிட்ட தாளினால் காப்புறுதி உரிமை முழுவதும் வியாபாரியின் கைக்கு மாறிற்று. அவர் அனுப்பிய சிட்டையின் தொகை மிகப்பெரிது. கம்பனி குறைத்துக் கொடுத்தால் வழக்கு. காப்பு பெற்றவரின் பக்கம் வென்றால் வழக்கறிஞர் கட்டணத்தையும் கம்பனியே கொடுக்கவேண்டும் என்ற பழைய சட்டம், எளிய குடும்பங்களைக் காக்கவே இயற்றப்பட்டது. இப்பொழுது ஆயிரக்கணக்கான கண்ணாடி வழக்குகளுக்கு அதுவே எரிபொருளாயிற்று. பரிசுச் சீட்டை வாங்கிச் சென்ற உடையவர், தம் பெயரிலேயே நீதிமன்றத்தில் வழக்கு நடப்பதைக்கூட அறியாதிருந்தார். அந்தச் செலவெல்லாம் அயலவர் அனைவருடைய கட்டணத்திலும் ஏறியது.

2023இல் அம்மாநிலச் சட்டசபை இரு சட்டங்களால் இதனைத் தடுத்தது. மார்ச் மாதச் சட்டம் வழக்கறிஞர் கட்டண ஏற்பாட்டை நீக்கிற்று. மே மாதத்தில் ஒப்பமிடப்பட்ட சட்டம் கண்ணாடி வேலைக்காகக் காப்புறுதி உரிமையை வியாபாரிக்கு மாற்றிக் கொடுப்பதையும், பரிசு காட்டி ஆள் சேர்ப்பதையும் தடைசெய்தது. முதற்பொறுப்பு இல்லை என்ற பழைய சலுகையைக் கைவைக்காமல் விட்டது.

இந்த மே மாதச் சட்டத்திலே, வழக்குகளின் இரைச்சலில் பலர் கவனியாத பிரிவொன்று உண்டு. கண்ணாடியை மாற்றும் கராஜ், இவ்வண்டியின் கருவிகளுக்கு அளவு திருத்தம் வேண்டுமா என்பதையும், வேண்டுமாயின் தான் அதைச் செய்யுமா, செய்வது உற்பத்தியாளரின் அளவுகளுக்கு ஒத்ததாக இருக்குமா என்பதையும் வேலைக்கு முன்னரே எழுத்தில் அறிவித்தல் வேண்டும். பணத்தைப்பற்றிய சட்டத்தினுள்ளே உயிரைப்பற்றிய ஒரு வரி நுழைந்தது இவ்வாறு. அது தேவையற்றதன்று. நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்புறுதி நிலையம் 2023இல் வெளியிட்ட ஆய்விலே, இத்தகைய கருவிகளைத் திருத்தக் கொடுத்த உடைமையாளரில் ஏறத்தாழப் பாதிப்பேர், வேலை முடிந்த பின்னரும் கருவியில் ஏதோ கோளாறு கண்டதாகக் கூறினர்.

மத்திய அரசு 2024இல் தானியங்கிப் பிறேக்கை விதியாகவே வெளியிட்டு, அப்போது 2029 செப்டெம்பரைக் கெடுவாகக் குறித்தது. அவ்விதி தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் புது வண்டியைப் பற்றியது. ஐந்தாண்டு ஓடிய பின்னர், கல்லடிபட்டு, எங்கோ ஒரு கராஜிலே புதுக் கண்ணாடி ஒட்டிக்கொண்டு, பசை காயக் காத்துநிற்கும் வண்டியின் கமராவை யார் நேராக்குவது, யார் பணம் கொடுப்பது என்பது இன்னும் மாநிலச் சட்டத்திற்கும், தொழிலின் ஒழுங்குமுறைக்கும், மேசை அறையிலே கிடக்கும் காப்புறுதிப் பத்திரத்திற்குமே விடப்பட்டிருக்கிறது.